டிரைவர் பக்கத்துக் கதவு

பழைய காருக்குக் கம்பெனியில் அடித்த முதல் நிறம் எது என்று கண்டுபிடிப்பதுதான் என் தொழில். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை மாமனாருடைய இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரில் காட்டப் போய், வீட்டில் ரகளையாகிவிட்டது.

டிரைவர் பக்கத்துக் கதவில் காசளவு இடத்தை உப்புத்தாளால் தேய்த்தேன். வளையம் வளையமாகத் தெரிந்தது: சிவப்பு, வெள்ளை, நீலம், பச்சை, கடைசியில் அடிப்பூச்சான சாம்பல் நிற பிரைமர். வெள்ளையும் சிவப்பும் பின்னாளில் மாமாவுக்கு வந்த ஆசைகள். பிரைமரை ஒட்டி இருப்பதே முதல் நிறம்.

"மாமா, உங்க கார் பொறந்தப்போ பச்சை."

"நீலம்தாம்மா! ஷோரூம்லேருந்து நான்தானே ஓட்டிட்டு வந்தேன்?"

என் கணவருக்கு அது போதும். அப்பா அடுப்பை அணைக்க மறந்தார் என்று ஏற்கெனவே கார் சாவியை எடுத்து வைத்திருந்தார். "வாங்கின கலரே ஞாபகம் இல்ல. இனிமே எப்படி வண்டியைக் கையில குடுக்கறது?"

"எனக்குத் தெரிஞ்சு நீலம்தான்," என்றார் மாமியார். "கல்யாணத்துக்கு முன்னாடி எப்படி இருந்துச்சோ, யாரு கண்டா?"

ஒன்று சொன்னால் ஒன்பது சொல்லும் மாமா, திருடனுக்குத் தேள் கொட்டினது போல் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். என்மேல் அடிக்கும் பெயின்ட் நாற்றத்தைக் குறை சொல்லாத ஒரே ஆள் இந்த வீட்டில் அவர்தான். அவர் சாவி என்னாலா போக வேண்டும்?

ஒரே இடத்தைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்ன என்னை நானே திட்டிக்கொண்டு, மறுநாள் டிக்கியைத் திறந்தேன். ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அடியில் துடைத்தால் நீலம். பானெட்டைத் தேய்த்தேன். பிரைமருக்கு மேல் நேராக நீலம். அடுத்த பக்கத்துக் கதவும் அப்படியே. பச்சை மருந்துக்கும் இல்லை.

"மாமா சொன்னதுதான் சரி!" என்று கத்தினேன். எல்லோரும் ஓடிவந்தார்கள். சந்தோஷத்தில் நாக்கு முந்திக்கொண்டது. "அப்போ இந்த ஒரு கதவுல மட்டும் எப்படிப் பச்சை?"

மாமா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பிறகு மனைவியிடம் திரும்பினார்.

"அது வேற கார் கதவு. இவன் பொறந்துட்டான்னு ஆஸ்பத்திரிலேருந்து போன் வந்துச்சா... ஓட்டிட்டு வந்த அவசரத்துல விளக்குக் கம்பத்துல இடிச்சிட்டேன். பழைய சாமான் கடையில இதே மாடலுக்குப் பச்சைக் கதவுதான் கிடைச்சுது. நீ வீட்டுக்கு வர்றதுக்குள்ள நீலம் அடிச்சு மாட்டிட்டேன்."

"கையில கட்டு போட்டுக்கிட்டு வந்தீங்களே! கதவுல நசுங்கிடுச்சுன்னு சொன்னீங்க?"

"கதவுலதானே நசுங்குச்சு?"

மாமியார் சிரிக்கவில்லை. அந்தக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரொம்ப வலிச்சுதா?" என்றார், நேற்று நடந்தது போல.

பிறகு மகனிடம் கையை நீட்டினார். "சாவியைக் குடுடா. இத்தனை வருஷம் மறைச்சதையே மறக்காத மனுஷன். இவருக்கா ஞாபக மறதி?" சாவி மாமாவின் கைக்குப் போனது. "மெதுவா ஓட்டணும். பக்கத்துல நான் உட்காருவேன்."

எனக்கும் ஒரு உத்தரவு வந்தது. "கார் முழுக்க நீலம் அடி. கதவுல தேய்ச்ச இடத்தை மட்டும் அப்படியே விடு. ஏறும்போதெல்லாம் பார்க்கட்டும்."

மாமா அதைப் பார்ப்பதாகவே தெரியவில்லை. தினமும் காலையில் அந்தக் காசளவு இடத்தைத் துடைத்து வைப்பவர் என் கணவர்.