அட்டை சிங்க்

"அசையாதம்மா. ரெண்டே நிமிஷம்."

"அசையாம எப்படிடா பாத்திரம் தேய்க்கிறது? உன் பென்சில் வந்து தேய்க்குமா?"

சொல்லிவிட்டு அம்மா குனிந்தபடியே நின்றாள். கையிலிருந்து சோப்பு நுரை வழிந்தது. தம்பி சமையலறை வாசலில் உட்கார்ந்து அவளைப் பக்கவாட்டில் வரைந்துகொண்டிருந்தான். கல்லூரியில் புராடக்ட் டிசைன் கடைசி வருஷம், அதற்கான புராஜெக்ட். வீட்டிலுள்ள ஒரு பொருளின் குறையைக் கண்டுபிடித்து, அதை மாற்றி வடிவமைத்து, மாடல் செய்து காட்ட வேண்டும். அவன் எங்கள் சிங்க்கை எடுத்துக்கொண்டான். வீடு கட்டும்போதே கொத்தனார் அதைத் தாழ்வாக வைத்துவிட்டார். உயர்த்தச் சொன்னால், "உடைச்சா டைல்ஸ் போயிடும்" என்பார் அப்பா.

அம்மாவுக்குக் கொஞ்ச காலமாக முதுகு வலி. "ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிடலாமா?" என்று அவள் கேட்டபோதெல்லாம் அப்பா "பாக்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் அதற்கு இல்லை என்று பொருள்.

தம்பியின் படம் அந்தக் கேள்விக்கு முடிவு கட்டியது. வளைந்த முதுகின் மேல் ஒரு சிவப்பு அம்பு. அதன் மறுமுனையில் சிங்க். அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "அப்ப சிங்க்தான் காரணம். இதுக்குப் போயி டாக்டரா?"

பல ஸ்கெட்ச் போட்டு, ஒன்றைத் தேர்ந்து, அட்டையை வெட்டி ஒட்டி, நிஜ அளவிலேயே உயரமான சிங்க் ஒன்றைச் செய்தான். விளிம்புகளை உப்புத்தாளால் இழைத்தான். கூடத்தில் அதன் முன் அம்மா தட்டோடு நின்றாள்.

"தண்ணி எப்படா வரும்?"

"மார்க் வந்ததும் வரும்."

காய்ந்த தட்டைத் தேய்ப்பது போல் கையை ஓட்டினாள். பிறகு மெதுவாக, "நிமிந்து நின்னாலும் வலிக்குதேடா" என்றாள்.

"அது குனிஞ்சே பழகின முதுகும்மா. போகப் போகச் சரியாயிடும்."

"உங்கம்மாவுக்கு எதுலதான் வலிக்காது?" என்றார் அப்பா.

சிரித்தோம். என் சிரிப்புதான் சத்தமாக இருந்தது. அம்மாவும் சிரித்தாள். தம்பி அதைப் படமெடுத்து, "வலியின்றி, நிமிர்ந்து" என்று கீழே எழுதிக் கல்லூரியில் வைத்தான். முதல் பரிசு கிடைத்தது.

நடக்கவே முடியாமல் போன பிறகுதான் டாக்டரிடம் கொண்டுபோனோம். "குனிஞ்சாதான் வலிக்குமா, நேரா நின்னாலுமா?" என்று அவர் கேட்டார். தம்பி சுவரைப் பார்த்தான். அப்பா தம்பியைப் பார்த்தார்.

"நேரா நின்னாலும்தான் டாக்டர்" என்றாள் அம்மா. "நான்தான் யார்கிட்டயும் சொல்லல."

புற்று எலும்புவரை போயிருந்தது. மழைக்காலம் முடியுமுன் அம்மா போய்விட்டாள்.

அவள் எங்களுக்காகச் சொன்ன பொய்யை அப்பா எடுத்துக்கொண்டார். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், "ஒரு வார்த்த சொல்லலியே. சொல்லியிருந்தா விட்டிருப்பனா?" என்றார். தம்பி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். பிறகு கல்லூரிக்குப் போய், படத்தையும் மாடலையும் எடுத்துவிடச் சொன்னான். "நல்ல வேலைப்பா. ஜூனியர்ஸ் பாத்துக் கத்துக்கட்டும்" என்றாராம் வாத்தியார்.

இப்போது பாத்திரம் கழுவுவது நான். அம்மாவைவிட உயரம், இன்னும் அதிகம் குனிய வேண்டியிருக்கிறது. சென்ற வாரம் முதுகு வலிக்கிறது என்று சொன்னதும், அப்பா கையிலிருந்த பேப்பர் நழுவியது.

"சிங்க்தாம்மா. சிங்க்காத்தான் இருக்கும்."

மறுநாள் யாரையும் கேட்காமல் நானே டாக்டரிடம் போனேன். எல்லாம் பார்த்துவிட்டு, நோய் ஒன்றுமில்லை, குனிந்து வேலை செய்வதால் வரும் வலிதான் என்றார். தம்பி வரைந்த அம்பு என் முதுகுக்குச் சரியாகப் பொருந்தியிருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான்தான் சொன்னனே, சிங்க்தான்னு." எழுந்து போய், சாப்பிட்ட தட்டை அதிலேயே போட்டுவிட்டுக் கை கழுவினார்.

சிங்க் அதே உயரத்தில்தான் இருக்கிறது.