வலது கட்டைவிரல்

பள்ளிவாசல் மோதினார் கற்பூரத் தண்ணீரை ஊற்ற, இறந்துபோன தம்பி ஆசிக்கின் வலது கையைத் தாங்கிப் பிடித்திருந்தார் ஷேக் தாவூது. மய்யித்தைக் குளிப்பாட்டும்போது அந்தக் கையை வேறு யாரும் தொட அவர் விடவில்லை. எழுபத்தாறு வயதிலும் முதுகு வளையாமல் நின்றார்.

"ஹாஜியார், இங்க பாருங்க." மோதினார் கட்டைவிரலைத் திருப்பினார். பக்கவாட்டில் மொச்சை அளவுக்குக் காய்ப்பு. "மத்த விரலெல்லாம் பஞ்சாட்டம் இருக்கு. இது மட்டும் பாரம் தூக்குன மாதிரி. துபாய்ல அக்கவுண்டன்டுன்னுல்ல சொன்னீங்க?"

ஷேக் தாவூது அந்தக் கட்டைவிரலைத் தன் உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

அக்கவுண்டன்ட் என்று லெப்பைக்குடிக்காடு முழுக்கச் சொல்லி வைத்தவர் அவர்தான். திருச்சிக்குப் படிக்கப் போன ஆசிக், மாதா கோயில் பேண்டில் சாக்ஸபோன் பழகிக்கொண்டான். அங்கிருந்து பம்பாய் ஹோட்டல், பிறகு துபாய். முப்பது வருஷம் ஜாஸ் வாசித்தான். அவன் படம் போட்ட போர்டு ஹோட்டல் வாசலில் நிற்குமாம். ஊருக்கு வரும்போது மட்டும் சாக்ஸபோன் பெட்டி கூட வராது. "அண்ணன் மானம் கஸ்டம்ஸ்லயே நின்னுருச்சு" என்று சிரிப்பான். அதற்கு மேல் அவன் அண்ணனை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மோதினார் குரலைத் தாழ்த்தினார். "கவலப்படாதீங்க. மய்யித்துல கண்ட குறைய வெளிய சொல்லமாட்டோம். மூட்ட தூக்குனா என்ன, ஹலாலான சம்பாத்தியம்தானே."

ஷேக் தாவூதுக்கு முகம் சிவந்தது. தன் வீட்டுப் பிள்ளையின் கையை ஒருவர் மன்னித்துக்கொண்டிருக்கிறார்!

"அது குறையில்ல. சாக்ஸபோன் வாத்தியம் தெரியுமா? அத்தன கனத்தையும் இந்த ஒரு விரல்தான் தாங்கும்."

"கல்யாண ஊர்வலத்துல ஊதுவாங்களே..."

"ஊர்வலம் இல்ல, ஜாஸ். எழுதி வச்சத மட்டும் வாசிக்கிறவன் இல்ல அவன். அந்த நேரத்துல மனசுல வர்றத வாசிப்பான்."

மோதினார் கையில் செம்பு அப்படியே நின்றது. அதைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "மதியம் லுஹர் தொழுகைக்கு முன்னாடி மைக்ல மரணச் செய்தி சொல்லணும். என்னன்னு சொல்லட்டும்?"

"பேர மட்டும் சொல்லுங்க. தொழிலக் கேட்டா என்கிட்ட அனுப்புங்க."

உடலுக்குக் கபன் துணி சுற்றியதும் ஷேக் தாவூது வாசலுக்கு வந்தார். ஆசிக்கோடு பள்ளிக்கூடத்தில் படித்த பாலசுந்தரம் ஆலத்தியூரிலிருந்து வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"கணக்குப் பரீட்சைல எம்பேப்பரப் பாத்துத்தாண்ணே எழுதுவான். நானே முட்டைதான் வாங்குவேன். அவன் எப்படி அக்கவுண்டன்ட் ஆனான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு விளங்கல."

"ஆகல தம்பி." தெருவில் நின்ற மற்றவர்களுக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னார். "சாக்ஸபோன் வாசிச்சான். பெரிய ஹோட்டல்ல. ஜாஸ்."

நாற்காலியில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"அடப்பாவி, சொல்லவே இல்லயே!" பாலசுந்தரம் அருகில் வந்தார். "நீங்க கேட்டிருக்கீங்களாண்ணே?"

"பாத்திருக்கேன். மக்காவுல உம்ரா முடிச்சு வர்றப்ப துபாய்ல எறங்குனேன். ஹோட்டலுக்குள்ள போகல. கண்ணாடிக்கு வெளிய நின்னேன். சத்தம் வரல."

"எப்படி வாசிச்சான்?"

ஷேக் தாவூது ஈரம் காயாத கைகளைத் தூக்கினார். ஒன்றை நெஞ்சுக்கு நேராகவும் இன்னொன்றை இடுப்பருகிலும் வைத்தார். கண்களை மூடிக்கொண்டார். விரல்கள் ஒவ்வொன்றாக இறங்கின, எழுந்தன. ஜனாஸா தொழுகைக்கு ஆட்கள் வந்து சேர்ந்துகொண்டே இருந்தார்கள். அவர் நிறுத்தவில்லை.