இடப்பக்கத்துச் சன்னல்

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பதிப்பகத்திலிருந்து வந்த அட்டைப்படத்தை அவள் தையல் மேசையின் ஓரத்தில் விரித்து வைத்தாள். அக்கா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு பார்த்தாள்.

"படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த ஆளு ஏன் பொம்பளைங்க கோட்டைப் போட்டுக்கிட்டு நிக்கிறாரு?"

அவள் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை.

"நிஜமாத்தான் சொல்றேன். ஆம்பளைங்க கோட்டுல இடப்பக்கத்துத் துணி மேல வரும், பொம்பளைங்களுக்கு வலப்பக்கம். இங்க வலது மேல இருக்கு பாரு. மார்ல இருக்கிற பையும் வலது பக்கம். எந்தத் தையக்காரன் வலது பக்கம் பை வைப்பான்? படத்தைத் திருப்பிப் போட்டுட்டாங்க போல."

ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே அக்கா சொன்ன அந்தக் கடைசி வாக்கியம் அவளுக்கு உறைக்கச் சில நொடிகள் ஆயின. உறைத்ததும் அட்டைப்படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அவள் பல்கலைக்கழகத்தில் ஏழு வருஷமாக ஒப்பந்த ஆராய்ச்சியாளர். வயது நாற்பத்தொன்று. கவிதைக்கும் புகைப்படத்துக்கும் உள்ள உறவுதான் அவள் துறை. மறைந்துபோன ஒரு கவிஞர், தன் நண்பரான புகைப்படக்காரர் எடுத்த ஒன்பது படங்களைப் பார்த்து ஒன்பது கவிதைகள் எழுதியிருந்தார். அவற்றில் ஆறு கவிதைகளில் ஒரு விநோதம். படத்தில் சன்னல் வலப்பக்கம் இருக்கும். கவிதையில் 'இடப்பக்கத்துச் சன்னல்' என்று வரும். படத்தில் நாற்காலி இடது மூலையில் கிடக்கும். கவிதையில் வலது மூலை. கவிஞர் படத்துக்கு வெளியே நின்று பார்க்கவில்லை, உள்ளே போய் நின்றுகொண்டு நம்மைப் பார்க்கிறார், அதனால்தான் இடமும் வலமும் மாறுகின்றன என்று அவள் எழுதினாள். 'உள்ளிருந்து பார்க்கும் கண்' என்று அதற்குப் பெயரும் வைத்தாள். கருத்தரங்குகளில் கைதட்டினார்கள். வேறு ஊர்க் கல்லூரிகளிலும் அதைப் பாடமாக வைத்துவிட்டார்கள். இப்போது அது புத்தகம், அந்த ஒன்பதில் ஒரு படம்தான் அட்டையில். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்கு முந்தின நாள், வியாழன் காலை பத்து மணிக்கு, நிரந்தர வேலைக்கான நேர்காணல். எல்லாமே அந்த ஒரு கண்ணை நம்பித்தான் இருந்தது.

படமே திரும்பியிருந்தால்? கவிஞர் எதிரில் இருந்ததை அப்படியே பார்த்து எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். எந்த உள்ளும் இல்லை, எந்தக் கண்ணும் இல்லை.

"ஏன் முகம் இப்படி வெளுத்துப்போச்சு?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்லை."

எல்லாக் கவிதையிலும் இடம் வலம் மாறவில்லையே, மூன்றில் சரியாகத்தானே இருக்கிறது, படங்கள் திரும்பியிருந்தால் ஒன்பதும் அல்லவா திரும்பியிருக்க வேண்டும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். அந்த மூன்று விதிவிலக்குகளுக்காகப் புத்தகத்தில் முப்பது பக்கம் செலவழித்திருந்தாள். 'கவிஞரின் தயக்கம்' என்று தலைப்பு. அதை நினைத்ததும் சமாதானம் பாதியில் அறுந்தது.

மறுநாள் காலை காப்பகத்தின் கதவு திறக்கும்போதே வாசலில் நின்றாள். மூலப்படங்கள் கண்ணாடித் தகடுகள். தொட்டால் உடையும் என்று யாருக்கும் தருவதில்லை. கணினியில் ஏற்றி வைத்த நகல்களைத்தான் அவளும் இத்தனை வருஷமும் பார்த்து வந்தாள். காப்பகத்தைப் பார்த்துக்கொண்ட அம்மாள் வெடுக்கென்று பேசுகிறவர். ஆனால் விஷயத்தைக் கேட்டதும் கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வரக் கால் மணி நேரம். அதற்குள் சுவர் ஓரத்து இரும்பு அலமாரிகளின் எண்களை எல்லாம் இவள் மூன்று முறை படித்துவிட்டாள்.

அந்த அம்மாள் பெட்டியைத் திறந்து முதல் தகட்டை விளக்குப் பெட்டியின்மேல் வைத்தார்.

"இதுல ஒரு பக்கம் பளபளன்னு இருக்கும், ஒரு பக்கம் மங்கலா இருக்கும். மங்கல் பக்கம் நம்மைப் பாத்தா, தெரியறது திரும்பின படம். பளபளப்புப் பக்கம் பாத்தாத்தான் அந்த ஆளு நின்ன மாதிரியே தெரியும்."

"இப்போ எந்தப் பக்கம்மா?"

"பளபளப்பு."

சன்னல் இடப்பக்கம் இருந்தது.

ஒவ்வொன்றாக ஒன்பதையும் வைத்துப் பார்த்தார்கள். கணினியில் ஆறு திரும்பியிருந்தன, மூன்று சரியாக இருந்தன. அவள் முப்பது பக்கம் எழுதிய அதே மூன்று.

"பெட்டிக்குள்ள சிலது இந்தப் பக்கமும் சிலது அந்தப் பக்கமுமா இருந்திருக்கும். ஏத்தினவங்க எடுத்தது எடுத்தபடி வச்சிருக்காங்க." அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார். "எங்க தப்புதான்மா. எழுதிக் குடுக்கணும்னா எழுதிக் குடுக்கறேன்."

துறைத் தலைவரின் அறைக்கு அவள் எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. நல்ல மனிதர். அவளை ஏழு வருஷமும் துறையில் தக்க வைக்க மேலிடத்தோடு மல்லுக்கு நின்றவர். முழுதும் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"யாருக்குத் தெரியும் இது?"

"எனக்கு, காப்பகத்தம்மாவுக்கு, எங்க அக்காவுக்கு."

"அக்கா என்ன பண்றாங்க?"

"தைக்கிறாங்க சார்."

அவர் சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார். "இங்க பாரும்மா. நாளைக்கு நேர்காணல். அது முடியட்டும். புத்தகத்தை ரெண்டு மாசம் தள்ளிப் போடச் சொல்லு, உடம்பு சரியில்லைன்னு சொல்லு. வேலை கைக்கு வந்தப்புறம் நிதானமா ஒரு திருத்தம் எழுதலாம். பொய் சொல்லச் சொல்லலை. ஒரு நாள் பொறுக்கச் சொல்றேன். அவ்வளவுதான்."

அவர் சொன்னதில் தப்பே இல்லாத மாதிரி இருந்தது. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. படியிறங்கும்போது, 'ஒரு நாள்தானே' என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அது சரியாகவே கேட்டது.

வீட்டில் அக்கா தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"பாழாப்போன வாய்! நான் சும்மா இருந்திருக்கக் கூடாதா? அச்சாகி வந்தப்புறம் பாத்திருந்தா என்ன குடி முழுகிப் போயிருக்கும்?"

"அச்சாகி வந்தப்புறம் வேற யாராவது பாத்திருப்பாங்கக்கா. உலகத்துல நீ ஒருத்திதான் தைக்கிறியா?"

"நாளைக்குச் சொல்லப் போறியா?"

"தெரியலை."

அது நிஜம். வியாழன் காலை பேருந்தில் உட்கார்ந்திருந்தபோதும் தெரியவில்லை. நேர்காணல் அறைக்கு வெளியே, இன்னொரு விண்ணப்பதாரருக்குப் பக்கத்து நாற்காலியில், உள்ளங்கை வேர்வையைக் கோப்பின் அட்டையில் துடைத்துக்கொண்டிருந்தபோதும் தெரியவில்லை.

உள்ளே ஐந்து பேர். ஓரத்தில் துறைத் தலைவர், அவளைப் பார்க்காமல் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியூரிலிருந்து வந்திருந்த மூத்த பேராசிரியை ஒருவர் அன்பாகத் தொடங்கினார்: "உங்க 'உள்ளிருந்து பார்க்கும் கண்' கட்டுரையை நான் ரெண்டு தடவை படிச்சேன். அதைப் பத்தியே முதல்ல சொல்லுங்களேன்."

திரையில் படம் வந்தது. கோட்டுப் போட்ட ஆள், வலப்பக்கம் சன்னல். அவள் வாயைத் திறந்தாள். மனப்பாடமாக இருந்த முதல் வாக்கியம் தொண்டை வரை வந்தது. இந்த அம்மாள் இதை ரெண்டு தடவை படித்திருக்கிறாரே என்று தோன்றியது. அந்த நினைப்பு அவளுக்குத் தாங்கவில்லை.

"இந்தப் படம் திரும்பியிருக்குங்க," என்றாள். "நேத்துத்தான் தெரிஞ்சுது."

சொத்தைப் பல்லைப் பிடுங்கிய மாதிரி மீதியும் வந்துவிட்டது: தகடுகள், மங்கல் பக்கம், ஆறும் மூன்றும்.

"அப்போ உங்க கோட்பாட்டுல என்ன மிஞ்சுது?" என்றார் எதிரில் இருந்தவர்.

"இப்போதைக்கு ஒண்ணும் இல்லைங்க."

"மூணு கவிதை பொருந்தலைன்னு தெரிஞ்சப்பவே உங்களுக்குச் சந்தேகம் வரலையா?" இது அந்தப் பேராசிரியை. குரலில் அன்பு குறைந்திருந்தது.

"வந்திருக்கணும். எனக்குக் கோட்பாடு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. சந்தேகம் எட்டிப் பாக்குறப்போ எல்லாம் அது மேல இன்னும் ரெண்டு பக்கம் எழுதிப் போட்டுட்டேன்."

ஒருவர் குனிந்து ஏதோ குறித்துக்கொண்டார். அவளுக்கு அதைப் பிடுங்கிப் படிக்க வேண்டும் போலிருந்தது. பன்னிரண்டு நிமிஷத்தில் அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த ஒன்பது நாள் அவள் அஞ்சலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். பதிப்பகம் புத்தகத்தை நிறுத்தியது. தொலைபேசியில் பதிப்பாசிரியர் வாங்கு வாங்கென்று வாங்கினார். பத்தாம் நாள் கடிதம் வந்தது. வேலை அன்று அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்குப் போனது. அவளுக்கு ஒப்பந்தம் இன்னும் ஒரு வருஷம். துறைத் தலைவர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் ஒரு நாள் நடைபாதையில் நின்று, "நான் சொன்னபடி கேட்டிருக்கலாம்," என்றார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, "கேக்காததும் ஒரு விதத்துல நல்லதுதான்," என்றார். எந்த விதத்தில் என்று சொல்லவில்லை.

வேலை கிடைத்தவர் பருவத்தின் முதல் வாரத்திலேயே அவள் அறைக்கு வந்தார். சின்ன வயசுக்காரர், சங்கடத்தோடு நின்றார்.

"மேடம், போன பருவத்துல பசங்களுக்கு நீங்க உங்க கோட்பாட்டைத்தான் நடத்தியிருக்கீங்க. அதைத் திருத்திச் சொல்லணும். நான் சொன்னா நல்லாவா இருக்கும்?"

"நானே வரேன்," என்றாள், யோசிக்காமல்.

வகுப்பில் நாற்பது பேர். அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நான் உங்களுக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்தேன்," என்று ஆரம்பித்தாள். எப்படித் தப்பானது என்று சொல்லி முடிக்க இருபது நிமிஷம் ஆனது. கடைசி வரிசைகூடக் கேட்டுக்கொண்டிருந்தது.

நடு வரிசையில் ஒரு பெண் கையை உயர்த்தினாள்.

"அப்போ பரீட்சையில எதை மேடம் எழுதணும்?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்தது, கண்ணில் நீரோடு. இப்படி ஒரு கேள்வி வரும் என்று எதிர்பார்க்கவே இல்லை.

"தெரியலைம்மா," என்றாள். "விசாரிச்சு வெள்ளிக்கிழமை சொல்றேன். இப்போ முதல் கவிதையை எடுங்க. யாராவது ஒருத்தர் சத்தமா வாசிங்க. அதுல என்ன இருக்குன்னு நானும் உங்களோட சேர்ந்து பாக்கறேன்."