அழுக்கு அட்டைகள்

1

இந்தக் கதை என் குற்றத்திலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மிச்சத்தை நிம்மதியாக எழுதலாம்.

அண்ணி தையல் இயந்திரம் பழுதுபார்ப்பவர். ஏழு வருடமாக ஜப்பானிய இலக்கணம் படிக்கிறார். ஒரு விதிக்கு ஓர் அட்டை: முன்பக்கம் தமிழ் வாக்கியம், பின்பக்கம் ஜப்பானியம். செருப்புப் பெட்டிக்குள் நான்கு அறைகள்: தினம், வாரம், மாதம், வருடம். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும்; தவறினால் முதல் அறைக்கே திரும்பும். வருட அறையில் அறுபத்திரண்டு அட்டைகள். அவை இனி சாகும்வரை மறக்காது என்பது அண்ணியின் நம்பிக்கை.

2

[முதலில் இப்படித் தொடங்கினேன்: "மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் பெட்டியைத் திறந்தபோது..." அண்ணியை 'அவள்' என்று எழுதக் கை கூசியது. மழையும் பெய்யவில்லை.]

ஜப்பானியத் தையல் இயந்திரக் கம்பெனியில் பயிற்சியாளர் வேலை. வெள்ளிக்கிழமை நேர்காணல், முழுக்க ஜப்பானிய மொழியில். அண்ணி ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே வேலை அது. நல்லது செய்கிறேன் பேர்வழி என்று, எண்ணெயும் டீயும் பட்டு நைந்த அட்டைகளையெல்லாம் புது அட்டையில் பிரதி எடுத்தேன்.* பழையவற்றைக் குப்பையில் போட்டேன். என்றைக்கும் நேரத்துக்கு வராத குப்பை வண்டி அன்றைக்கென்று சீக்கிரமே வந்தது.

(* எனக்கு ஜப்பானியம் ஓர் எழுத்துகூடத் தெரியாது. படம் வரைவதுபோல் பார்த்து வரைந்தேன்.)

3

திங்கட்கிழமை அண்ணி வருட அறையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். உதடு அசைந்து நின்றுவிட்டது. அடுத்ததும் வரவில்லை. பத்தில் எட்டு போயிற்று.

"தம்பி, நான் இலக்கணத்தை ஞாபகம் வச்சுக்கவே இல்ல. கறையைத்தான் வச்சிருந்திருக்கேன்."

மூலையில் எண்ணெய் என்றால் ஒரு விதி, டீ வட்டம் என்றால் இன்னொன்று. கறை போனதும் பதிலும் போய்விட்டது.

(இங்கே அண்ணி அழுதார் என்று எழுதினால் கதை எடுபடும். அழவில்லை. என் முழியைப் பார்த்துச் சிரித்தார்.)

அறுபத்திரண்டையும் தின அறைக்கு மாற்றினார். இனி பதில் சொல்லும்வரை அட்டையைப் பார்க்க மாட்டேன், நீங்கள் வாசியுங்கள் என்றார். பட்டறையில் அவர் இயந்திரத்துக்குள் கையை விட்டுக்கொண்டிருக்க, நான் தமிழ்ப் பக்கத்தைக் கலைத்துக் கலைத்து வாசித்தேன். அவர் பதில் சொன்ன பிறகு அட்டையைத் திருப்பிக் காட்டினேன். வியாழக்கிழமைக்குள் நாற்பத்தொன்று நினைவுக்குத் திரும்பி வந்தன. மூன்று நாளைக்குப் பிறகு நானும் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

4

வெள்ளிக்கிழமை கதவுக்கு வெளியே நின்று ஒட்டுக்கேட்டேன். கேள்வி வந்தது. பதில் வருவதற்குள் நான் கும்பிடாத சாமியில்லை. அப்புறம் அண்ணியின் குரல், முதலில் தட்டுத்தடுமாறி, பிறகு வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே அதட்டலோடு.

5

முடிவு அ: வேலை கிடைத்தது. சினிமாத்தனம்.

முடிவு ஆ: கிடைக்கவில்லை. குற்றவாளியே அதை எப்படி எழுதுவான்?

இரண்டையும் அண்ணியிடம் நீட்டி, எது என்று கேட்டேன். வாசித்துவிட்டு, கம்பெனியிலிருந்து பதில் காலையிலேயே வந்துவிட்டது என்றார்.

"என்ன அண்ணி சொல்லியிருக்காங்க?"

அண்ணி ஜப்பானியத்தில் சொன்னார். நீளமான வாக்கியம், ஓர் இடத்திலும் திக்கவில்லை. தமிழில் சொல்லச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தேன், மசியவில்லை. திருப்புளியை எடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பிவிட்டார்.

ஆகவே, கதைக்கு முடிவில்லை என்று குறை சொல்லாதீர்கள். முடிவை முழுசாகச் சொல்லியாயிற்று. எனக்குத்தான் புரியவில்லை.