உள்ளதைச் சொல்லப் போனவர்

உண்மையைச் சொல்லப் போகிறவர் ஒரு சட்டையை இவ்வளவு நேரமா தேய்ப்பார்? காலரில் ஒரு முறை, கையில் ஒரு முறை, திரும்பவும் காலரில். நான் ஓட்டல் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க மெத்தை விரிப்பு தேய்க்கிறவள். என் கண் முன்னால் ஒருத்தர் இப்படித் தேய்த்தால் எனக்குக் கை பரபரக்கும். "குடுங்க இப்படி" என்றேன். கொடுக்கவில்லை. "குடியேற்ற ஆபீசுக்குப் போறேன். என் வேலைய நானே பாத்துக்கறேன்" என்றார் என் வீட்டுக்காரர். எங்கள் கல்யாணத்துக்குக்கூட அவர் சட்டையை இப்படித் தேய்த்ததாக எனக்கு நினைவில்லை.

விஷயம் இதுதான். அவர் ஒரு பேக்கரியில் ரொட்டி போடுகிறவர். இந்த நாட்டில் வேலை செய்ய அவருக்குக் கொடுத்த அனுமதியில் அந்தக் கடையின் விலாசம் இருக்கும். அந்த அனுமதியின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் நானும் எங்கள் மகளும் இங்கே இருக்கிறோம். வியாபாரம் நன்றாக நடந்ததால் முதலாளி இரண்டு தெரு தள்ளி இன்னொரு கடை திறந்து, அங்கே இருக்கும் பெரிய அடுப்புக்கு இவரை அனுப்பினார். அதே முதலாளி, அதே மாவு, அதே சம்பளம். ஆனால் இடம் மாறுவதற்கு முன்னால் அனுமதி கேட்க வேண்டும் என்று சட்டமாம். அது இவருக்குத் தெரிய வந்தபோது, அங்கே வேலைக்குப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

பேக்கரியில் இவருக்குப் பட்டப்பெயரே 'சட்டம்'தான். தெருவில் ஈ காக்கை இல்லாவிட்டாலும் சிவப்பு விளக்கு எரிந்தால் நின்றுவிடுவார். கல்லாவில் நிற்கிற பெண் மீதிச் சில்லறையை அதிகமாகக் கொடுத்துவிட்டால், மழையானாலும் திரும்பப் போய்க் கொடுத்துவிட்டுத்தான் வருவார். "சட்டம் வருது, சிகரெட்டை அணைங்கடா" என்று பின்கட்டில் சிரிப்பார்களாம். அதை அவரே வீட்டில் வந்து சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வார்.

என் தம்பி இவருக்கு நேர் எதிர். ஊரைச் சுற்றிப் பார்க்க என்று வந்தான். எட்டு வருஷமாகிறது, இன்னும் பார்த்து முடிக்கவில்லை. கையில் ஒரு அனுமதியும் கிடையாது. எங்கள் வீட்டு ஹாலில் படுத்துக்கொண்டு, அதே பேக்கரியின் பழைய கடையில் தட்டு கழுவுகிறான். தினமும் காலையில் ரோந்து போலீஸ்காரர்கள் அங்கே பன் வாங்க வருவார்கள். கூட்டமாக இருந்தால் இவனே எடுத்துக் கொடுப்பான். அவர்கள் தோளில் தட்டிவிட்டுப் போவார்கள். நீ யார், எப்படி வந்தாய் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

அன்று காலை பல் தேய்த்துக்கொண்டே வந்து நின்றான். "மாமா, வேலியில போற ஓணானை எடுத்து வேட்டியில விட்டுக்கறீங்க. முதலாளியே பேசாம இருன்னுட்டாரு. யாரு வந்து பாக்கப் போறா?"

"உனக்கு பயமாவே இருக்காதா மச்சான்?"

"இருந்துச்சு. அப்புறம் பழகிடுச்சு."

"எனக்குப் பழக வேணாம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

மத்தியானமே திரும்பி வந்துவிட்டார். நான் அன்று மட்டும் இரவு ஷிப்டுக்குப் போக வேண்டியவள், வீட்டில்தான் இருந்தேன். வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தார், சட்டையைக் கழற்றவில்லை. "ரொம்ப மரியாதையாத்தான் பேசினாங்க" என்றார். "உக்கார வெச்சாங்க. தண்ணி குடுத்தாங்க. நீங்களே வந்து சொன்னதுக்கு நன்றின்னாரு அந்த அதிகாரி." "அப்புறம்?" என்றேன். அனுமதியில்லாத இடத்தில் ஒரு மாதம் வேலை பார்த்திருக்கிறார், அதை அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டார், எனவே அனுமதி ரத்து. எங்கள் மூன்று பேருக்கும்தான். அடுத்த மாதத்துக்குள் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும். "சொல்லாம இருந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது, தெரிஞ்ச பிறகு எங்களால சும்மா இருக்க முடியாதுன்னாரு. பாவம், அவருக்கும் வருத்தமாத்தான் இருந்துச்சு."

அந்த அதிகாரிக்குப் பாவம் பார்க்கிறாரே, இந்த மனுஷனை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி என்றேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். வக்கீலிடமும் போய்ப் பார்த்தோம். மேல்முறையீடு செய்யலாம், ஆனால் ஊருக்குத் திரும்பிப் போன பிறகுதான் செய்யலாம் என்றார் அந்தப் புண்ணியவான்.

சட்டம் ரொம்பக் கெடுபிடி என்று ஒருத்தரும், சட்டமே இல்லாத மாதிரி இருக்கிறது என்று இன்னொருத்தரும் டீவியில் தினம் கத்துகிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்கச் சொல்ல வேண்டும். அந்த இரண்டும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன. உள்ளதைச் சொன்னவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். ஒன்றுமே சொல்லாதவன் இரண்டாம் தடவை குழம்பு ஊற்றிக்கொள்வான். தம்பியையும் குறை சொல்ல மாட்டேன். அவனும்தான் எட்டு வருஷமாக எங்கள் அம்மா முகத்தைப் பார்க்கவில்லை. போனால் திரும்ப விட மாட்டார்கள் என்று அப்பா செத்ததற்குக்கூடப் போகாமல் குளியலறையில் உட்கார்ந்து அழுதவன் அவன்.

இவர் பெட்டியை எடுத்து வைத்துக் கட்ட ஆரம்பித்தார். டிக்கெட்டும் எடுத்தாயிற்று. எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. ஊரில் எங்களுக்கு என்ன இருக்கிறது? இவருடைய அண்ணன்மார்கள் வீட்டைப் பங்கு போட்டதில் எங்களுக்கு மிஞ்சியது மாடிப்படி ஒன்றுதான், அதிலும் கீழ்ப்படியில் அவர்கள் பூந்தொட்டி. மகள் இங்கேயே பிறந்தவள். இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். தூக்கத்தில்கூட இந்த ஊர்ப் பாஷையில்தான் பேசுகிறாள்.

"போக வேணாங்க" என்றேன். "இவன மாதிரி நாமளும் இருந்துடலாம்."

"ஒளிஞ்சா?"

"எட்டு வருஷமா இவனை யாராவது பிடிச்சாங்களா?"

"அது பொய் இல்லையா?"

"உங்க உண்மை என்ன பண்ணுச்சுன்னு பாத்தாச்சு. இனிமே நான் சொல்றதக் கேளுங்க."

கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் நான் சொன்னதை அப்படியே கேட்டது அந்த ஒரு தடவைதான். விமானம் கிளம்ப வேண்டிய சாயங்காலம் கட்டில் ஓரத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நேரம் தாண்டியதும், "போயிடுச்சு" என்று மெல்லச் சொன்னார். நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

பழைய விலாசம் ஆபீசில் இருந்ததால் வேறு தெருவில் மூன்றாம் மாடிக்குக் குடி மாறினோம். முதலாளி இவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. "உன் மச்சான் விஷயம் எனக்குத் தெரியாதுன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம்பா. உன் விஷயம் எனக்கு எழுத்துலயே வந்திருக்கே" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாராம். எனக்கும்தான் அனுமதி போயிற்று. சலவைக்கூடத்தில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இவர் வீட்டிலேயே இருந்தார். ஜன்னல் பக்கம் போக மாட்டார். வெளியே எப்படி நடப்பது என்று தம்பி பாடம் எடுத்தான். "கூட்டத்தோட போயிடணும் மாமா. சிவப்பா இருந்தாலும் எல்லாரும் கடந்தா நீங்களும் கடந்துடுங்க. தனியா நிக்கிறவனைத்தான் திரும்பிப் பாப்பாங்க." இவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ரொட்டி போட்டுக் காய்த்துப்போயிருந்த அந்தக் கைகள் கொஞ்சம் கொஞ்சமாக மெத்தென்று ஆகிவிட்டன. அவற்றைத் தொடும்போதெல்லாம் ஐயோ, அன்றைக்கே பெட்டியோடு போயிருக்கலாமோ என்று தோன்றும். போயிருந்தாலும் இப்படித்தான் ஏதாவது தோன்றியிருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தம்பி வேலைக்குப் போயிருந்தான். அவர் தரையில் உட்கார்ந்து மகளுக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். நான் அவளுடைய சீருடையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கதவை யாரோ தட்டினார்கள். நான் தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைப்பதற்குள் அவர் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மகள் போய்த் திறந்தாள்.

கீழ் வீட்டு அம்மாள் நின்றிருந்தார். எங்கள் குளியலறையிலிருந்து அவர் வீட்டுக் கூரையில் தண்ணீர் ஒழுகுகிறதாம். "அப்பாவக் கூப்பிடு பாப்பா, வந்து ஒரு நிமிஷம் பாக்கட்டும்" என்றார் இந்த ஊர்ப் பாஷையில்.

"அப்பா இங்க இல்ல" என்றாள் மகள். "எங்க ஊருக்குப் போயிட்டாரு."

"அப்படியா? எப்ப வருவாரு?"

"வரமாட்டாரு." சொல்லிவிட்டு, முகத்தைக் கொஞ்சம் சோகமாகவும் வைத்துக்கொண்டாள். நானோ அவரோ அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்ததில்லை. அந்த அம்மாள் அடடா என்று அவள் கன்னத்தைத் தடவினார், என்னைப் பரிதாபமாகப் பார்த்தார், ஆள் அனுப்புவதாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மகள் தாழ்ப்பாளைப் போட்டாள். ஆரஞ்சை எடுத்துக்கொண்டு போய்க் குளியலறைக் கதவுக்கு வெளியே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, போயிட்டாங்க. வரலாம்."

கதவு திறக்கவில்லை.

"நான் கரெக்டா சொன்னேனாப்பா?"

என்ன சொல்வாரோ என்று நானும் காத்திருந்தேன். திட்டிவிட மாட்டாரா, பழைய ஆளாய் ஒரு அதட்டல் போட மாட்டாரா என்று மனம் அடித்துக்கொண்டது.

"கரெக்டாத்தான் சொன்ன, கண்ணு" என்றது உள்ளேயிருந்து அவர் குரல்.

அவள் சந்தோஷமாக ஒரு சுளையைப் பிய்த்து நீட்டினாள். கதவு கொஞ்சமாகத் திறந்தது. இருட்டிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து அதை வாங்கிக்கொண்டது.