பென்டிரைவில் இரண்டு பாட்டு

அன்று காலையிலிருந்து நூர்முகமது ஒரே மைக்கை ஏழு முறை சோதித்துவிட்டார். முதல் தடவை அவர் "ஹலோ, ஹலோ" என்றபோது பறந்து போன காகங்கள் ஏழாவது தடவை இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. இருபத்தாறு வருடமாக மாமல்லபுரத்தில் மைக் செட் வைத்திருப்பவர். 'நூர் சவுண்ட் சர்வீஸ்' என்றால் கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரை தெரியும். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கூழ் ஊற்றும் திருவிழா என்று எதற்கும் கை நடுங்காத மனிதர், இன்று வயரை இழுத்துக்கொண்டு மைதானத்தின் மறுகோடி வரை போய், எதற்கு வந்தோம் என்று மறந்து திரும்பி வந்தார்.

மாலை நாலு மணிக்கு மகளிர் கைப்பந்து இறுதி ஆட்டம். மாமல்லபுரம் அணியில் அவர் மகள் ஃபர்சானா ஆடுகிறாள். ஆட்டம் முடிந்ததும் தேசிய கீதம் போட வேண்டியவர் இவர். அது ஓடும்போது வாயைத் திறக்கப் போவதில்லை என்று மகள் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். அதுதான் இந்த நிலைகொள்ளாமை.

அவரிடம் ஒரு சிவப்பு பென்டிரைவ் உண்டு. அதில் இரண்டே பாட்டு. விழா தொடங்கும்போது தமிழ்த்தாய் வாழ்த்து, முடியும்போது தேசிய கீதம். நம் பக்கத்து முறை அது. சினிமாப் பாட்டை மறந்தும் அதில் ஏற்ற மாட்டார். ஒரு முறை கலெக்டர் எழுந்து நிற்கும் நேரத்தில் குத்துப்பாட்டைப் போட்டுவிட்ட இன்னொரு மைக் செட்காரன் கலையரசன், இப்போது திருப்போரூரில் ஐஸ்கிரீம் விற்கிறான்.

கீதம் ஓடும்போது எல்லாரும் கையைத் தொங்கவிட்டு நேராக நிற்பார்கள். மைக் செட்காரன் மட்டும் ஒரு கையை வால்யூம் குமிழில் வைத்தபடி நிற்க வேண்டும். பாட்டு முடிந்த அடுத்த நொடி சத்தத்தை இறக்காவிட்டால் ஸ்பீக்கர் பாக்ஸில் 'கர்'ரென்று ஒரு இரைச்சல் வரும். ஐம்பத்திரண்டு விநாடி. நூர்முகமது அதற்காகக் கடிகாரம் பார்த்ததில்லை. பாட்டோடு சேர்ந்து உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டே வருவார். கடைசி அடி வரும்போது விரல் தானாகத் திரும்பும். அந்த முணுமுணுப்பு நாட்டுக்காகவா தொழிலுக்காகவா என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

எல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டில் நடந்த அரையிறுதியில் ஆரம்பித்தது. வெள்ளை டீ-ஷர்ட் போட்ட ஏழெட்டுப் பேர் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துகொண்டார்கள். ஃபர்சானா சர்வ் போடப் பந்தை எடுக்கும்போதெல்லாம் "பாகிஸ்தான்! பாகிஸ்தான்!" என்று கத்தினார்கள். நடுவருக்கு அந்த நேரம் பார்த்துக் காது அடைத்துக்கொண்டது. மூன்றாவது செட்டில் ஒரு ஸ்மாஷ் நேராக அவள் வாயில் வந்து அடித்து உதடு கிழிந்தது. கைக்குட்டையால் பொத்திக்கொண்டே ஆடி ஜெயித்தாள். கடைசியில் கீதம் போட்டபோது, வாயைப் பொத்திக்கொண்டு நிற்பது மரியாதை இல்லை என்று கைக்குட்டையை எடுத்துவிட்டு, ரத்தம் வழியாமலிருக்க உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள்.

அந்த மூடிய உதட்டை மட்டும் எவனோ பெரிதாக்கிப் படம் பிடித்திருந்தான். பதினோரு விநாடி வீடியோ. ராத்திரிக்குள் மாவட்டத்தில் இருக்கும் அத்தனை வாட்ஸ்அப் குழுவுக்கும் அது போய்ச் சேர்ந்தது.

தையல் போட்ட உதட்டோடு மறுநாளே அவள் போட்டிக் குழுச் செயலாளர் சுப்புராமனிடம் போய் நின்றாள். கூட நூர்முகமதுவும் போயிருந்தார்.

"அவங்க கத்தினாங்கன்னு சொல்றியே, வீடியோ இருக்கா? இல்லல்ல?" என்றார் சுப்புராமன். "நீ பாடாததுக்கு வீடியோ கீதும்மா. நான் இன்னா பண்ணட்டும்?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் நூர்முகமதுவுக்குக் கூடுதல் பேஜாராக இருந்தது. டீ வரவழைத்துக் கொடுத்து, யோசனையும் சொன்னார். "ஃபைனல் அன்னிக்கு உன் முன்னால தனியா ஒரு மைக் வைக்கிறோம். கீதத்த நல்லா சத்தமா பாடிடு. எல்லார் வாயும் மூடிடும். அப்பறம் நானே மேடையில மாவட்ட டீம் லிஸ்ட்ட படிக்கிறேன். உன் பேரு கீது. போதுமா?"

மாவட்ட அணியில் பெயர் வந்தால் போலீஸ் வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் மனுப் போடலாம். ஏழாம் வகுப்பிலிருந்து ஃபர்சானாவுக்கு இருக்கும் ஒரே ஆசை காக்கிச் சட்டை. அது தெரிந்ததால் நூர்முகமது அங்கேயே தலையை ஆட்டிவிட்டார். மகள் ஆட்டவில்லை.

வீட்டில் அந்த வாரம் முழுக்க இதே பேச்சு.

"எல்லாரும் பாடுனா நானும் பாடுவேன்த்தா. இஸ்கூல்ல பாடலையா? என்னை மட்டும் பாடிக் காட்டுன்னா பாட மாட்டேன். ஒழுங்கா நிப்பேன். வாய மட்டும் தொறக்க மாட்டேன்."

"அம்பத்திரெண்டு செகண்டும்மா. ஊசி போடுற நேரம்."

"ஊசின்னா டீம்ல எல்லாருக்கும் போடட்டும்."

அணித் தலைவி கண்ணகி ஒரு சாயந்திரம் வந்தாள். கருங்குழிப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். ஃபர்சானாவோடு ஆறு வருடமாக ஒரே தட்டில் சாப்பிடுபவள். வெளிநாட்டில் ஆட்டக்காரர்கள் கீதம் பாடும்போது ஒரு காலை மடக்கி மண்டி போட்டு எதிர்ப்புக் காட்டும் வீடியோவைப் போனில் காட்டினாள். "நம்மூர்ல ஹோம்ஒர்க் எழுதாதவன்தான்டீ மண்டி போடுவான்" என்று ஃபர்சானா சொல்ல, இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் கண்ணகி, "பாடிடேன்டீ. இன்னா போச்சு?" என்றாள். ஃபர்சானா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"நீயாவது சொல்லேன்" என்று நூர்முகமது மனைவி சைதூனிடம் முறையிட்டார்.

"அவ சொல்றதுல இன்னா தப்பு கீது? முதல்ல அத சொல்லு" என்று சைதூன் இட்லித் தட்டைக் கழுவப் போனாள்.

ஆகவே நூர்முகமது தானே ஒரு வழி கண்டுபிடித்தார். மகள் முன்னால் வைக்கும் மைக்கின் குமிழும் அவர் கையில்தான். பாட்டின் குமிழும் அவர் கையில்தான். மகள் மைக்கைச் சுத்தமாக இறக்கிவிட்டு, பாட்டைக் காது கிழிய ஏற்றிவிட்டால் அவள் பாடினாளா இல்லையா என்று எந்தக் கொம்பனுக்கும் தெரியாது. யாருக்கும் வம்பில்லை. இந்த யோசனை வந்தபோது தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டார்.

ஆட்டம் தொடங்கியது. வெள்ளை டீ-ஷர்ட்டுகள் இங்கும் வந்திருந்தார்கள், இப்போது இருபது பேர். ஃபர்சானா பந்தை எடுத்ததும் அதே கத்தல். இங்கே நடுவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நூர்முகமது புள்ளிக்குப் புள்ளி நடுவில் சினிமாப் பாட்டை ஏற்றி அந்தக் கத்தலை அமுக்கப் பார்த்தார். பாட்டு நின்றதும் அது மறுபடி மேலே வந்தது. தன் ஊர், தன் மைதானம், தான் கட்டிய பாக்ஸ். நடுவில் தன் பிள்ளையை வேறு நாட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். சுற்றிலும் முந்நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் பாதிப் பேர் வீட்டு விசேஷத்துக்கு இவர்தான் செட் கட்டியவர். ஒருவர்கூட "ஏய், சும்மா இருங்கடா" என்று சொல்லவில்லை.

மூன்றுக்கு ஒன்று என்று மாமல்லபுரம் ஜெயித்தது. கடைசிப் புள்ளி ஃபர்சானாவின் சர்வில்தான் வந்தது.

இரண்டு அணியும் வரிசையில் நின்றன. சுப்புராமன் தன் கையாலேயே மைக் ஸ்டாண்டைத் தூக்கிவந்து ஃபர்சானாவுக்கு முன்னால் வைத்தார். பிறகு நேராக மைக் செட் மேஜைக்கு வந்தார்.

"பாய், பாட்ட கம்மியா வையி. பொண்ணு கொரல்தான் மேல வரணும். அவ நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நூர்முகமதுவின் புத்திசாலித்தனம் அங்கேயே காற்றுப் போய்ப் படுத்துவிட்டது. சுப்புராமன் மேடையேறிப் பெரிய மனிதர்களுக்கு நடுவில் நின்று கையைக் காட்டினார். நூர்முகமது மகள் மைக்கை ஏற்றிவைத்துப் பட்டனை அழுத்தினார்.

பாட்டு தொடங்கியது. எல்லாரும் எழுந்தார்கள். ஃபர்சானா குதிகாலைச் சேர்த்து, கையை ஒட்டவைத்து, தையல் போட்ட உதட்டை மூடிக்கொண்டு நின்றாள். நாளைக்குப் போலீஸ் அணிவகுப்பில் நிற்கப்போவதுபோல அப்படி ஒரு நிமிர்வு. அவளைச் சுற்றிச் செல்போன்கள் உயர்ந்தன. பத்து, இருபது, ஐம்பது. கூட்டத்திலிருந்து ஒரு குரல், "பாடுடீ!" என்றது. கீதத்தின் நடுவே கத்தினவனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் அவள் வாயில் இருந்தது.

நூர்முகமது வழக்கம்போல முணுமுணுத்தபடி, மகளைப் பார்க்கத் தாங்காமல் மேடையைப் பார்த்தார். சுப்புராமனின் வாய் மூடியிருந்தது. பக்கத்தில் சிறப்பு விருந்தினர் மாலையில் உதிர்ந்த ரோஜா இதழைச் சட்டையிலிருந்து தட்டிக்கொண்டிருந்தார். வெள்ளை டீ-ஷர்ட்டுகளைப் பார்த்தார். இருபது பேரும் போனைப் பிடித்திருந்தார்கள். இருபது வாயும் மூடியிருந்தன. இருபத்தாறு வருடமாக இந்த மேஜைக்குப் பின்னால் தலையைக் குனிந்து குமிழையே பார்த்துக்கொண்டு நின்ற மனிதருக்கு அன்றுதான் கூட்டம் கண்ணில் பட்டது.

அவர் விரல் குமிழைப் பிடித்தது. பாட்டைக் கீழே இறக்கினார். சட்டென்று இல்லை, மெதுவாக, கல்யாண மண்டபத்தில் தாலி கட்டி முடிந்ததும் மேளத்தை இறக்குவதுபோல, முழுவதும் இறக்கிவிட்டார்.

அலைச் சத்தம் கேட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மைதானத்தில் வேறு எந்தச் சத்தமும் இல்லை. மெய்யாகவே பாடிக்கொண்டிருந்த நாலைந்து பேரும் தங்கள் குரல் தனியாக வெளியே கேட்டதும் பயந்து நிறுத்திவிட்டார்கள். அதில் கண்ணகியும் ஒருத்தி. ஃபர்சானா முன்னால் இருந்த மைக் அந்த மௌனத்தை எடுத்து எட்டு பாக்ஸிலும் ஊருக்குப் போட்டுக் காட்டியது.

நூர்முகமதுவும் வாயை மூடிக்கொண்டார். ஆனால் உள்ளே கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. எங்கே இருக்கிறோம் என்று அவருக்குத் தெரியும். கடைசி அடிக்குச் சரியாகக் குமிழை ஏற்றினார். பாட்டு வந்தது, முடிந்தது. விரல் தானாக இறங்கியது.

சுப்புராமன் மேடையிலிருந்து ஓடிவந்தார். "ஏன்யா நிறுத்துன? இன்னா தைரியம் உனக்கு?"

"நிறுத்தலையே சார். பாட்டு ஓடிக்கினுதான் இருந்துச்சு" என்றார் நூர்முகமது. "எல்லாரும் பாடுறீங்களே, கேக்கட்டும்னு சவுண்ட கொஞ்சம் எறக்குனேன்."

"பாய் வேணும்னே பண்றான்டா!" என்று ஒரு வெள்ளை டீ-ஷர்ட் கத்தினான். அவனோடு சேர்ந்து கத்த ஏனோ ஆள் வரவில்லை. காவலுக்கு வந்திருந்த போலீஸ்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "கலைங்க, கலைங்க" என்றார்.

மாவட்ட அணிப் பட்டியலைச் சுப்புராமன் படிக்கவில்லை. அந்தக் காகிதம் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. மைக்கைப் பிடித்து, வீராங்கனை ஃபர்சானா கீதத்துக்கு மரியாதை தரவில்லை என்று புகார் வந்திருப்பதாகவும், வீடியோ வைத்திருப்பவர்கள் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் செங்கல்பட்டு அலுவலகத்தில் கொடுக்கலாம் என்றும், அதைப் பார்த்த பிறகே பட்டியல் ஒட்டப்படும் என்றும் அறிவித்தார். அந்த அறிவிப்புக்கும் நூர்முகமதுதான் வால்யூம் வைக்க வேண்டியிருந்தது.

வயரைச் சுருட்டும்போது கண்ணகி வந்து ஒரு முனையைப் பிடித்தாள்.

"தனியா பாட ஒரு மாதிரி கூச்சமா போச்சுடீ" என்றாள்.

"அதான்" என்றாள் ஃபர்சானா.

வெள்ளிக்கிழமை வரை நூர்முகமது சரியாகத் தூங்கவில்லை. போன் 'டிங்' என்றால் எழுந்து உட்கார்ந்தார். குறைந்தது ஐம்பது போன் தூக்கியிருந்தார்கள், கண்ணால் எண்ணியிருந்தார். இன்று வரும், நாளை வரும் என்று ஒவ்வொரு குழுவையும் திறந்து திறந்து பார்த்தார். காலை வணக்கம் வந்தது, வீட்டுமனை விளம்பரம் வந்தது. அந்த வீடியோ மட்டும் வரவில்லை. "ஏன்மா வரல?" என்று மகளிடமே கேட்டார். அவள் தோளைக் குலுக்கினாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே அப்பனும் மகளும் செங்கல்பட்டு அலுவலக பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு முறை படியில் செருப்புச் சத்தம் கேட்கும்போதும் நூர்முகமது எழுந்தார். கூரியர்காரர் வந்தார். டீக்காரர் வந்தார். நாலரை மணிக்கு அந்த வெள்ளை டீ-ஷர்ட்டுகளில் ஒருவன், இன்று கட்டம் போட்ட சட்டையில், கையில் போனோடு வந்தான்.

அவன் சுப்புராமன் மேஜை மேல் போனை வைத்து வீடியோவை ஓட்டினான். கதவு திறந்தேதான் இருந்தது. முதலில் கீதம் கேட்டது. பிறகு அது தேய்ந்தது. பிறகு போனில் அலைச் சத்தம் மட்டும் வந்தது. போனைப் பிடித்திருந்தவன் மூச்சுவிடும் சத்தமும், கிட்டத்தில் எவனோ "ஏய், இன்னாடா ஆச்சு?" என்று கிசுகிசுப்பதும் தெளிவாகக் கேட்டன. மூடிய வாயோடு பெண் ஒருத்தி நேராக நிற்கிறாள். அவளைப் படம் பிடிப்பவனும் பாடவில்லை.

"இதுல உன் வாயும் சேந்து மாட்டுதேடா" என்றார் சுப்புராமன். "பின்னால பாரு, மேடையில எங்க வாயும் தெரியுது."

அவன் போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனான்.

ஐந்து மணி ஆனது. சுப்புராமன் கசங்கிய காகிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பலகையில் குண்டூசி குத்தினார். நாலாவது பெயர் ஃபர்சானா. நூர்முகமது ஒரு தடவை படித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

"அடுத்த வருசம் வேற செட்டு சொல்லிட்டோம் பாய்" என்றார் சுப்புராமன், பலகையைப் பார்த்தபடியே.

நூர்முகமதுவுக்கு அது உறைக்கத்தான் செய்தது. பரவாயில்லை என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஃபர்சானா முன்னால் வந்தாள். உதட்டுத் தையல் பிரித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது, சிரித்தால் வலிக்கும். அவள் சிரிக்கவும் இல்லை.

"யாரும் வீடியோ குடுக்கலையா சார்?" என்று கேட்டாள். "இல்லல்ல?"