மஞ்சள் தண்ணீர்

உயர்தரப் பரீட்சைக்குக் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கப்போகிறேன் என்றதும் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் எனக்குப் புத்தி சொல்லாதவர் ஒருவருமில்லை. கொழுந்து எடுக்கிற பெரியாயியின் மகளுக்கு எதற்கு இந்தப் பவிசு என்று லயத்து வீடுகளெல்லாம் இதே பேச்சு. அம்மா மட்டும், "நிரஞ்சலா, நீ படி. மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றாள். நான் கொழுந்துக் கூடையைத் தொடவே கூடாது என்பது அவளுடைய ஒரே பிடிவாதம்.

பதுளையில் எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடத்துக்கு இருந்தவர் யாழ்ப்பாணத்துப் பரமலிங்கம் சேர் மட்டும்தான். பாதியில் அவருக்கும் இடமாற்றம் வந்தது. யாரை நோவது? கூடப் படித்தவர்கள் வேறு பாடத்துக்குத் தாவிவிட்டார்கள். நான் விடவில்லை. போவதற்கு முன், மிச்சப் பாடங்களை அவர் என் லெப்டொப்பிலேயே பேசிப் பதிந்து தந்தார். வேறெங்கும் பிரதி இல்லை. கம்ப்யூட்டர் அறையோ, பொறுப்பெடுக்க ஆளில்லை என்று பூட்டிக் கிடந்தது. ஆக எனக்கு வாத்தியாரும் வகுப்பும், கொழும்பில் கடையில் நிற்கும் அண்ணன் பழையதாக வாங்கி அனுப்பிய அந்த மெஷின்தான்.

சரஸ்வதி பூசையன்று கோயில் பஜனைக்குப் போய்த் திரும்பினால், சாமி படத்தின் முன் என் புத்தகங்களுக்கு மேலே அது இருக்கிறது. மூடியில் சந்தனம், குங்குமம். பூசையில் வைத்ததை மறுநாள் விடியும்வரை தொடக்கூடாது. எனக்கு மனம் கேட்கவில்லை. ஒரு பாடம் பார்க்க வேண்டும் என்றேன்.

"ஒரு ராத்திரி படிக்காட்டி குடி முழுகிறாது" என்று அம்மா சிரித்தாள்.

காலையில் சுவிட்சைப் போட்டதும் ஒருதரம் மினுங்கி அணைந்தது. அதோடு சரி. தோட்டத்துக் கரண்டை வாயில் வந்தபடி திட்டினேன். அம்மா பதறிப்போய், அன்றைய வேலையை விட்டுவிட்டு என்னோடு டவுன் பஸ் ஏறினாள்.

மெஷின் திருத்துகிற மபாஸ் நானா அதைக் கழற்றினார். உள்ளே சர்க்கிட் பலகையில் திட்டுத்திட்டாக மஞ்சள். என்ன தண்ணீர் போனது, ஈரத்தோடு போட்டதில் எரிந்துவிட்டதே என்றார். எனக்குப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. நான்தான் பிளேன்டீயைக் கொட்டிவிட்டேன் என்று புளுகினேன்.

"பொய் சொல்லாத" என்றாள் அம்மா. "நான்தான் தம்பி. மூடி வச்சா சாமி எப்படிப் பாக்கும்னு தொறந்து வச்சு மஞ்சத் தண்ணி தெளிச்சேன்."

நானா எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. பாடங்களையாவது எடுக்கலாமா என்று கேட்டேன். இந்த வகை மெஷினில் பதிவதெல்லாம் அதே பலகையில்தான் இருக்கும், அதுவும் போய்விட்டது என்றார். அம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பரீட்சையில் புரோகிராம் கேள்விகளை வாசிக்கத்தான் முடிந்தது. அந்தப் பாடம் பெயில். அம்மா அழுவாள், சாமியைத் திட்டுவாள் என்று பார்த்தேன். மறுநாளும் கூடையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். என்னையாவது திட்டியிருந்தால் தேவலை. பாவி மனுசி, அவள் மேல் கோபப்படவும் முடியவில்லை.

இரண்டாம் தரம் எழுத இரவல் புத்தகங்களோடு உட்கார்ந்திருக்கிறேன். நேற்று அம்மா தேத்தண்ணீரோடு வந்து வாசலிலேயே நின்றாள். முன்பெல்லாம் என்னை ஒட்டி உட்கார்ந்து, விளங்காத எழுத்தை விரலால் தடவிப் பார்க்கிறவள். உள்ளே வந்து வை என்றேன். வரவில்லை.

"நீயே வந்து எடுத்துக்க. என் கை ஈரமா இருக்கு."

எழுந்துபோய்க் கோப்பையை வாங்கினேன். அவள் கை காய்ந்துதான் இருந்தது.